யூசுப் பாயின் ஒன்பது ஊசி

கணினி பழுது பார்க்கும் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஸ்க்ரூட்ரைவர் பிடிக்கத் தெரிகிறதோ இல்லையோ, ஒரு வாக்கியம் மட்டும் முதல் வாரத்திலேயே நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. "மதர்போர்டு போயிருச்சுங்க." கோளாறு என்னவென்று புரியவில்லையா, மதர்போர்டு போயிருச்சு. மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதா, மதர்போர்டு போயிருச்சு. எதிரே நிற்கிறவருக்கு அது மெய்யா பொய்யா என்று பார்க்கத் தெரியாது. டாக்டர் சொல்வதையாவது இன்னொரு டாக்டரிடம் போய்க் கேட்டுக்கொள்வார்கள். நாம் சொல்வதற்கு மேல்முறையீடே கிடையாது.

நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரியுங்கள். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கடை போட்டு, பொம்பளை ஒருத்தி மெஷினைக் கழற்றுகிறாளே என்று வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தையும் சமாளித்து, அந்த வாக்கியத்தை எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டுத்தான் நான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கடையை இப்போது என்னிடம் வேலை பார்த்த பெண் நடத்துகிறாள். "அக்கா, புதுசா வாரவங்களுக்கு நாலு வார்த்தை எழுதுங்க" என்று அவள்தான் பிடித்துக்கொண்டாள். எந்த சிப் எங்கே இருக்கிறது, எந்தக் கோளாறுக்கு எதைச் சூடு காட்ட வேண்டும் என்பதெல்லாம் உங்கள் செல்போனிலேயே கிடைக்கும். அதை நான் எழுதப்போவதில்லை. அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டுமா, கூடாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாத ஒரு நாளைப் பற்றி எழுதப்போகிறேன்.

அதற்கு முன்னால் சின்னதாக ஒன்று. இது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

வடமதுரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எந்தக் கணினியிலும் யூஎஸ்பி வேலை செய்யவில்லை. பென் டிரைவைச் சொருகினால் விளக்கு எரியவில்லை, சத்தம் இல்லை, விண்டோஸ் கண்டுகொள்ளவே இல்லை. எனக்கு முன்னால் போனவர் இடி இறங்கியிருக்கிறது, எல்லா மதர்போர்டும் போயிருச்சு என்று சொல்லிவிட்டார். புதிதாக வந்திருந்த தலைமையாசிரியர் மேலிடத்துக்கு எப்படி விளக்கம் சொல்வது என்று வியர்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு மெஷினை அணைத்துப் போட்டு, விண்டோஸ் வருவதற்கு முன்பே ஒரு பொத்தானைத் தட்டி, பயாஸ் என்கிற நீலப் பக்கத்துக்குள் போனேன். யூஎஸ்பி என்ற இடத்தில் 'டிஸேபிள்டு', அதாவது மூடியிருக்கிறது, என்று இருந்தது. அடுத்த மெஷினிலும் அப்படியே. மாற்றலாகிப் போயிருந்த பழைய தலைமையாசிரியருக்கு போன் போட்டோம். "ஆமா, நாந்தேன் மூடுனேன். பயக பென் டிரைவுல கேம் கொண்டாந்தாய்ங்க. தொறக்கணும்னு நெனப்பே இல்ல பாருங்க" என்று அந்தப் பக்கத்திலிருந்து சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

இதிலிருந்து நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். வயரோ பென் டிரைவோ சொருகுகிற ஒரு போர்ட் உடைந்திருந்தால், அதன் பெயர் பெரும்பாலும் விண்டோஸின் பட்டியலில் இருக்கும், வேலை மட்டும் செய்யாது. மென்பொருள் கோளாறு என்றால் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் அடையாளம் வரும். ஆனால் அந்த நீலப் பக்கத்தில் ஒருவர் அதை மூடிவிட்டால் பெயரே இருக்காது. ரேஷன் கார்டில் பெயர் நீக்கப்பட்ட ஆள் மாதிரி. ஆள் வீட்டில்தான் இருப்பார், அவர் பங்கு அரிசி மட்டும் வராது.

இனி சபீனா.

அவள் முதன்முதலில் கடைக்கு வந்தபோது கேட்டதே விசித்திரமாக இருந்தது. "அக்கா, பழைய மெஷின் ஒண்ணு வேணும். பின்னாடி ஒம்பது ஊசி இருக்கணும்."

காம் போர்ட் என்றும் சீரியல் போர்ட் என்றும் சொல்கிற பழைய இணைப்பைத்தான் சொன்னாள். இப்போது வருகிற மெஷின்களில் அது அநேகமாக இல்லை. "எல்லாரும் புதுசு கேட்டு வாராங்க. நீ என்ன மியூசியம் வைக்கப் போறியா?" என்று கேட்டேன்.

"எங்கத்தாவுக்கு" என்றாள். அவர்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்பார்கள். அதைச் சொல்லும்போதே அவள் குரல் மாறிவிட்டது. கேலியை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

அவளுடைய அத்தா யூசுப் பாய், பேகம்பூரில் தோல் வியாபாரி. அவர் மண்டியில் உட்கார்ந்து விலை சொன்னால் தெருமுனை டீக்கடைக்குக் கேட்கும் என்பார்கள். ஒரு தோலைக் கையில் வாங்கி ஒரு தடவை விரலால் தடவிவிட்டு இது இத்தனாம் தரம் என்று கத்துவாராம், அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்களாம். அப்படிப்பட்ட மனிதருக்கு நரம்புகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்திக்கொள்ளும் நோய் வந்துவிட்டது. முதலில் கால். பிறகு கை. பிறகு நாக்கு. புத்தி மட்டும் துளிகூடக் குறையவில்லை, அதுதான் அந்த நோயின் கொடுமை. வலது கையின் ஆள்காட்டி விரலில் மட்டும் கொஞ்சம் அசைவு மிச்சம் இருந்தது.

சபீனா கல்லூரியில் கணினி படித்தவள். அந்த ஒரு விரலை வைத்து அவள் ஒரு காரியம் செய்தாள். வீட்டு வாசலில் வைக்கிற காலிங் பெல் ஸ்விட்ச் ஒன்றை வாங்கி, அதிலிருந்து இரண்டு வயரை இழுத்து ஒன்பது ஊசியில் இரண்டு ஊசிகளோடு சேர்த்தாள். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பளிச்சிடும்படி ஒரு மென்பொருள் எழுதினாள். வேண்டிய எழுத்து வரும்போது அத்தா ஸ்விட்சை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆங்கில எழுத்தில் தமிழ். நிறுவனங்கள் லட்சக்கணக்கில் விற்கிற சாதனத்தை அவள் காலிங் பெல்லில் முடித்துவிட்டாள்.

மெஷினை வைத்துக் கொடுக்க நான்தான் போனேன். பெண்கள் இருக்கிற வீடு, பொம்பளை மெக்கானிக் என்றால் தோது என்று அவளுடைய அம்மா சொல்லியிருந்தார். கட்டிலுக்கு எதிரே மேசையைப் போட்டு, ஸ்விட்சை பாயின் விரலுக்கு அடியில் வைத்துப் பஞ்சால் கட்டினாள் சபீனா. எழுத்துகள் பளிச்சிட ஆரம்பித்தன. வீடே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. பல மாதம் பேசாமல் கிடந்த மனிதர் முதலில் என்ன சொல்லப்போகிறார்? அல்லாவின் பெயரைச் சொல்வார் என்று நினைத்தேன். மனைவியின் பெயரைச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது, "ஃபேனைக் குறை."

அத்தனை மாதமாக அந்த மனிதர் குளிரில் நடுங்கிக் கிடந்திருக்கிறார். வேர்க்குமே என்று இவர்கள் முழு வேகத்தில் வைத்திருக்கிறார்கள். "யா அல்லா, இதத்தான் இம்புட்டு நாளாக் கண்ணாலயே கத்திக்கிட்டு இருந்தீகளா?" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு எல்லாரும் சிரித்தோம். பாயின் கண்ணும் சிரித்தது. நான் இந்தத் தொழிலில் இருந்ததற்காகச் சந்தோஷப்பட்ட நாட்களில் அது ஒன்று.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒருநாள் காலை யூசுப் பாயின் தம்பி, சபீனாவுக்குச் சின்னத்தா, ரபீக் பாய் போன் செய்தார்.

"மேடம், அண்ணன் மெஷின் பேச மாட்டேங்குது. சபீனா பாத்துட்டா, அவளுக்கே பிடிபடல. நாளைக்கு டாக்டர் வாராரு. நீங்க எப்பிடியாச்சும் இன்னிக்கே வந்து பாத்துருங்க."

டாக்டர் எதற்கு வருகிறார் என்பதையும் சொன்னார். பாய்க்கு இப்போது மூச்சு தளர்ந்துகொண்டிருந்தது. தொண்டையில் துளை போட்டு, குழாய் வைத்து, மூச்சு மெஷினோடு சேர்த்துவிட்டால் இன்னும் சில வருஷம் ஓட்டலாம். இல்லையென்றால் சில வாரங்கள். குழாய் போட்ட பிறகு படுக்கை, குழாய், சளி எடுப்பது, அவ்வளவுதான் வாழ்க்கை. விரல் அசைவும் போய்விடும் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். "நோயாளி தெளிவா இருக்காரு. அவரு வாயால, சரி, அவரு விரலால சொல்லாம நான் கத்தி வைக்க மாட்டேன்" என்றும் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்கத்தான் மறுநாள் வருகிறார்.

"கண்ணச் சிமிட்டுவாரே பாய், அதுல தெரியாதா?" என்று கேட்டேன்.

"அதுலதான் வம்பே. எங்களுக்கு ஆமான்னு படுது. அண்ணிக்கு ஒண்ணுமே புரியல. டாக்டரு, கண்ணும் விரலும் சும்மா துடிக்குதா, அவரா அசைக்கிறாரான்னு எனக்கே தெரியல, எழுத்தா வந்தாத்தான் ஆச்சு, அத வச்சு முடிவெடுக்க முடியாதுங்குறாரு."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். போகிற வழியிலேயே எனக்கு ஒரு உறுத்தல். ஊசியோடு வயரைச் சேர்த்தவள் அவள். மென்பொருளை எழுதியவள் அவள். அவளுக்குப் பிடிபடாத கோளாறு என்றால் உண்மையிலேயே சிப் எரிந்திருக்க வேண்டும். அந்த மாடலுக்கு மதர்போர்டு மதுரையில் கிடைக்காது, கோயம்புத்தூரில் சொல்லிவைத்துத்தான் வர வேண்டும். ஒன்பது ஊசி உள்ள வேறு மெஷினும் அப்போது கடையில் இல்லை. நாளைக்குள் நடக்கிற காரியம் இல்லை.

வீட்டில் பாய் அப்படியே கிடந்தார். இளைத்திருந்தார். மூச்சு இழுக்கும்போது கழுத்து எலும்பு குழிவிழுந்து ஏறி இறங்கியது. விரலுக்கடியில் ஸ்விட்ச் இருந்தது. "வாங்கம்மா" என்று அவர் மனைவி எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். ரபீக் பாய் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். சபீனா என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். முன்பெல்லாம் நான் போனால் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு அது என்ன, இது என்ன என்று துளைத்தெடுப்பாள். நான் மேசையில் உட்கார்ந்தும் அவள் வரவில்லை.

வயரை இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. விண்டோஸின் பட்டியலான டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். காம் போர்ட் பட்டியலில் இல்லை. மஞ்சள் அடையாளம் இல்லை, உடைந்த அடையாளம் இல்லை, பெயரே இல்லை. எனக்கு அந்த வடமதுரைப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. பயாஸுக்கான சின்ன பேட்டரி தீர்ந்து எல்லாம் குழம்பியிருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு திரையின் மூலையைப் பார்த்தேன். கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டியது. பேட்டரி தீர்ந்திருந்தால் கடிகாரம்தான் முதலில் தப்பும்.

மெஷினை அணைத்துப் போட்டு நீலப் பக்கத்துக்குள் போனேன். இரண்டு பக்கம் தள்ளி, சீரியல் போர்ட் என்ற வரிக்கு எதிரே 'டிஸேபிள்டு' என்று இருந்தது. அது தானாக மாறுகிற வரி இல்லை. ஒரு கை உள்ளே போய், அந்த வரியைத் தேடி, மாற்றி, சேமித்துவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் அது தெரிந்த கை ஒன்றுதான் இருந்தது.

நிமிர்ந்து பாயைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அவர் கண் அடுக்களை வாசலிலேயே நிலைத்திருந்தது. அங்கே சபீனாவின் சேலை முந்தானை மட்டும் தெரிந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மெஷின் இருப்பது அவர் கட்டிலுக்கு நேர் எதிரே. அவள் அதை மூடியபோது பார்த்த ஒரே ஆள் அவர்தான், மூடிய பிறகு யாரிடமும் சொல்ல முடியாத ஆளும் அவர்தான்.

"என்ன மேடம், தெரியுதா?" என்றார் ரபீக் பாய்.

"செத்த நேரம் இருங்க பாய். குடிக்கத் தண்ணி வாங்கிக்கிட்டு வாரேன்" என்று எழுந்தேன்.

அடுக்களையில் அவள் அத்தாவுக்கான கஞ்சியைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் கை நின்றுவிட்டது. அவளே முதலில் கேட்டாள்.

"பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

துணியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "போன வாரம் அம்மா கடைக்குப் போயிருந்தப்ப என்கிட்ட மட்டும் டைப் பண்ணுனாருக்கா. குழாய் வேணாம், எல்லார்கிட்டயும் நீயே சொல்லிருன்னு. நான் சொல்லல. யார்கிட்டயும் சொல்லல. சொல்லாம விட்டா போயிரும்னு நெனச்சேன். பெறகு டாக்டர் நானே வந்து கேக்குறேன்னுட்டாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மெஷின் இல்லைன்னா கண்ணத்தான் பாப்பாங்க. சின்னத்தா ஆமான்னு சொல்லிருவாரு. எப்பிடியாச்சும் டாக்டரைச் சம்மதிக்க வச்சுருவாரு. குழாய் போட்டா அத்தா இருப்பாருக்கா. படுத்துக்கிட்டாவது இருப்பாரு. நான் பாத்துக்குவேன்."

நான் அவள் கையைப் பிடித்தேன். அதில் கஞ்சி ஒட்டியிருந்தது.

"அந்த மெஷினை நாந்தான் கட்டுனேன். அதுலயே அவரு சாகுறேன்னு அடிப்பாரு, நான் பக்கத்துல நின்னு பாக்கணுமா? நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். மதர்போர்டு போயிருச்சுன்னு சொல்லிருங்க. போதும். எல்லாக் கடையிலயும் சொல்றதுதானேக்கா. யாரு கேக்கப் போறா?"

தம்பிகளே, தங்கைகளே, நாம் தினமும் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்பதற்காகச் சொல்கிற அதே வாக்கியம். அதை நான் சொன்னால் ஒரு மனிதர் பிழைத்திருப்பார். சொல்லாவிட்டால் சில வாரத்தில் போய்விடுவார். எனக்கு என் பெற்றோரைப் பறிகொடுத்த அனுபவம் உண்டு. இன்னும் ஒரு மாதம் இருந்தால் போதும் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டவள் நான். அந்தப் பெண் கேட்டதில் ஒரு துளி சுயநலம்கூட எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்துவிட்டது, உங்களிடம் மறைக்க மாட்டேன். அதே சமயம் அவள்மேல் கோபமும் வந்தது. ஃபேனைக் குறை என்று சொல்ல அத்தனை மாதம் காத்துக்கிடந்த மனிதரை மறுபடி அதே இடத்தில் தள்ளியிருக்கிறாளே என்று.

கடைசியில் என்னைத் தடுத்தது நேர்மையோ தொழில் தர்மமோ இல்லை. அந்தக் கண்தான்.

"நான் சொன்னா உங்க சின்னத்தா நம்பிருவாரு" என்றேன். "உங்கம்மா நம்பிருவாங்க. டாக்டரும் நம்பிருவாரு. ஆனா கட்டில்ல இருக்கிறவரு நம்ப மாட்டாரு சபீனா."

அவள் என்னைப் பார்த்தாள்.

"நான் வந்ததுல இருந்து அவரு இந்த வாசலையேதான் பாத்துக்கிட்டிருக்காரு."

"இல்லக்கா. நான் மூடுனப்ப அவரு தூங்கிக்கிட்டு இருந்தாரு."

"தூங்கல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமே வராமல் அழுதாள். கூடத்தில் ரபீக் பாய் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் நின்றேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொண்டேன்.

"நான் பொய்யும் சொல்ல மாட்டேன், அதைத் தொறக்கவும் மாட்டேன்" என்றேன். "மூடுனது நீ. தொறக்குறதும் நீயா இருக்கணும். இல்ல, மூடியே இருக்கட்டும்னா அதை அவரு மூஞ்சியப் பாத்து அவருகிட்டச் சொல்லிட்டு வா. நான் கெளம்பிப் போறேன்."

நான் அப்படிச் சொன்னது பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். பயம்தான். அந்த வரியை மாற்றுகிற விரல் என்னுடையதாக இருக்க வேண்டாம் என்ற பயம்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். நேராகக் கட்டிலைப் பார்க்காமல் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். நீலப் பக்கம் நான் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. ரபீக் பாய்க்கு அதில் ஒன்றும் புரியாது, புரிந்ததுபோல் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். சபீனா அந்த வரிக்குப் போனாள். அவள் கை கீபோர்டின்மேல் அப்படியே நின்றது. அவள் அம்மா ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். பிறகு அவள் அதை 'எனேபிள்டு' என்று மாற்றினாள், சேமித்தாள். மெஷின் அணைந்து எழுந்தது. விண்டோஸ் வந்தது. அவள் எழுதிய மென்பொருள் வந்தது. எழுத்துகள் பளிச்சிட ஆரம்பித்தன.

"வந்துருச்சு! அல்லா காப்பாத்திட்டான்" என்று ரபீக் பாய் எழுந்துவிட்டார். அடுத்த நிமிஷமே அவர் கேட்கத்தான் செய்தார். "என்ன மேடம் ஆச்சு அதுக்கு? இத்தன நாளு ஏன் வேல செய்யல?"

என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் அந்தப் பெண்ணின் கதி என்ன? பொய் சொல்ல மாட்டேன் என்று இப்போதுதான் அடுக்களையில் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். சபீனா நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள், நிமிரவில்லை. அந்தச் சமயத்தில் டிக் என்று ஸ்விட்ச் சத்தம் கேட்டது.

பாய் அழுத்தத் தொடங்கியிருந்தார்.

எல்லாரும் திரையைப் பார்த்தோம். எழுத்துகள் வரிசையாக ஓடின, நின்றன, டிக். மறுபடி ஓடின, டிக். அந்த விரலில் பலம் குறைந்திருந்தது. ஒரு எழுத்தைத் தவறவிட்டால் அது மறுபடி சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். இவள்தான் மூடினாள் என்று அவர் எழுதுவார், தெரிந்துவிடும், எல்லாம் முடிந்தது என்று சபீனா நினைத்திருப்பாள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

கடைசி எழுத்தும் விழுந்ததும் ரபீக் பாய் கூட்டிப் படித்தார். "வயர் லூஸ்."

படித்துவிட்டுக் கடகடவென்று சிரித்தார். "பாத்தீங்களா மேடம்? படுத்துக்கெடந்தாலும் எங்கண்ணனுக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காது. வயர் லூஸாம்!"

வயர் லூஸாக இல்லை. நான் இழுத்துப் பார்த்திருந்தேன், அதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சபீனா நாற்காலியிலிருந்து சரிந்து கட்டிலின் பக்கத்தில் மண்டியிட்டு அவர் கையில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுதாள், இந்தத் தடவை சத்தமாக. மெஷின் சரியான சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அவள் அம்மா முதுகைத் தடவிக்கொடுத்தார். முகத்தின் அழுத்தத்தில் ஸ்விட்ச் தானாக அமுங்கி, திரையில் ஏதேதோ எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. நான் பையை எடுத்துக்கொண்டு சொல்லாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் நடந்ததை அவர் மனைவி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் விளக்கி, குழாய் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். பாய் "வேணாம்" என்று எழுதினார். ரபீக் பாய் தாங்க மாட்டாமல், "சபீனா, நீ சொல்லு, நீ சொன்னாக் கேப்பாரு" என்று அவளைப் பிடித்து முன்னால் இழுத்திருக்கிறார். அப்போது பாய் மறுபடி எழுதினார். "அவளைக் கேக்காதீங்க. சொல்றது நான்." அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

அதன் பிறகு இருந்த வாரங்களில் அவர் ஓயாமல் பேசினார் என்றார்கள். கஞ்சியில் உப்பு இல்லை என்று திட்டினார். மண்டியிலிருந்து தம்பி ஒரு தோலைக் கொண்டுவந்து, முதல் தரம் என்று சொல்லி அவர் விரலில் வைத்திருக்கிறார். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "ரெண்டாந்தரம்" என்று எழுதியிருக்கிறார். ரபீக் பாய் அதை என் கடைக்கே வந்து சொல்லிவிட்டு, சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். ஒருநாள் மதியம் மூச்சு நின்றுபோயிற்று.

சாவுக்குப் போனேன். பெண்கள் இருந்த அறையில் சபீனா சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அதன் பிறகு கடைத்தெருவில் இரண்டொரு தடவை எதிர்ப்பட்டபோதும் பார்க்கவில்லை. அதில் எனக்கு அவள்மேல் வருத்தம் இல்லை. பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நான் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அவளுடைய அத்தா இன்றுகூட அந்தக் கட்டிலில் இருந்திருப்பார். பேசாமல், அவள் வந்து போகிற வாசலைப் பார்த்துக்கொண்டு. அது நல்லதா கெட்டதா என்று இரவில் விழிப்பு வந்தால் இன்றைக்கும் யோசிக்கிறேன். உங்களுக்குச் சொல்ல என்னிடம் முடிவான பதில் இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மதர்போர்டு போயிருச்சு என்று சொல்லுமுன் அந்த மெஷினுக்கு எதிரே இருப்பது யார் என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நான் கடையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முந்தி சபீனா வந்தாள். ஆட்டோவில் அந்த மெஷினை வைத்துக் கொண்டுவந்திருந்தாள். வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதுகிற வேலை கிடைத்திருக்கிறது, இதையே பயன்படுத்திக்கொள்கிறேன் என்றாள்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுக் குடுங்கக்கா."

"அந்த மென்பொருளு?"

"அதுவுந்தான். என்கிட்டத் தனியா இருக்கு."

காலிங் பெல் ஸ்விட்ச் இல்லை. வயர் இருந்த இடம் காலியாக, ஒன்பது ஊசியும் தூசி படிந்து தெரிந்தது. தூரிகையால் துடைத்தேன். அவள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விண்டோஸ் போடுவதற்கு முன்னால் வழக்கப்படி நீலப் பக்கத்துக்குள் போய் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். சீரியல் போர்ட், எனேபிள்டு. பயன்படாத போர்ட்டை மூடிவைப்பது நம் தொழில் பழக்கம். கை பழக்கத்தில் அங்கே போய்விட்டது, பிறகு நிறுத்திக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

"இதை மூடிறவா சபீனா? இனிமே இதுல ஒண்ணும் மாட்டப் போறதில்லையே."

அவள் எழுந்து வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று, குனிந்து அந்த வரியைப் பார்த்தாள். முன்பெல்லாம் நிற்பாளே, அந்த இடத்தில்.

"வேணாங்க்கா" என்றாள். "அது தொறந்தே இருக்கட்டும்."

எதையும் மாற்றாமல் அந்தப் பக்கத்திலிருந்து வெளியே வந்தேன்.